நிற்காத காற்று

தையல் அக்கா என் வகுப்புக்கு வந்தது ஓவிய ஆசையால் அல்ல. அவருடைய மகன் வண்ணத்தைக் காற்றில் தெளிக்கும் ஏர்பிரஷும் அதற்குக் காற்றுத் தரும் சின்ன கம்ப்ரஸரும் வாங்கி, இரண்டு நாள் பொம்மைக் காருக்கு வண்ணம் அடித்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான்.

"வாங்கின சாமான் கட்டிலுக்கடியில தூங்குது தம்பி. மேல படுத்திருக்கிற எனக்குத் தூக்கம் வரல" என்றபடி, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வயது ஐம்பத்தாறு. அதில் இருபத்தெட்டு வருடம் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தவர். இப்போது வீட்டு முன்னறையில் பழைய ஜீன்ஸ் ஜாக்கெட்டுகளைப் பிரித்து அளவு குறைத்துத் தருகிறார்.

நான் பைக்குகளின் பெட்ரோல் டேங்கில் படம் வரைகிறவன். பெயிண்ட் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, கெடுத்துக் கெடுத்துப் பழகினேன். தட்டுத்தடுமாறி நான் ஆறு வருடத்தில் பிடித்ததை இன்னொருவர் ஆறு மாதத்தில் பிடிக்க வேண்டும் என்று நெடுநாளாக ஒரு எண்ணம். பட்டறை முதலாளி ஞாயிறு காலையில் பின்னறையைக் கொடுத்தார். நாலு பேராவது வர வேண்டும். குறைந்தால் அறை மறுபடி கிடங்காகிவிடும். ஏழு பேரோடு தொடங்கினேன். மூன்றாவது ஞாயிறு சரியாக நாலு பேர்: அக்கா, ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர், கேக் செய்கிறவர் ஒருவர், வாயே திறக்காத ஒரு கணக்கு வாத்தியார்.

ஏர்பிரஷ் பேனா அளவுதான் இருக்கும். மேலே ஒரு சிறு லீவர். அதைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் வண்ணம் வரும். "அழுத்துங்க, இழுங்க, கோடு முடிஞ்சதும் விட்டுடுங்க." மூன்று வாரமாக நான் சொன்ன பாடம் இவ்வளவுதான். என் தாளில் கோடு தலைமுடி போல விழுந்தது. அவர்கள் தாளில் ஒவ்வொரு கோடும் தொடங்கும் இடத்தில் ஒரு துளி துப்பியது. பெயிண்டை இன்னும் நீர்க்கக் கரைத்தேன். காற்றின் அழுத்தத்தைக் குறைத்தேன். முனைகளைக் கழற்றிக் கழுவினேன். பிரஷுக்குள் இருக்கும் ஊசி வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். துப்பல் நிற்கவில்லை.

"மாஸ்டர், என் பிரஷுக்குச் சளி பிடிச்சிருக்கு. வண்டி வெளியிலதான் நிக்குது, ஏத்திட்டுப் போகவா?" என்றார் டிரைவர்.

கேக் செய்கிறவர் சிரிக்கவில்லை. "அடுத்த வாரம் நான் வரல மாஸ்டர். கேக்கு மேல இப்படித் துப்பினா யார் சாப்பிடுவா?"

"நீங்க வரலன்னா நானும் வரல. பேச்சுத் துணைக்கு வாத்தியாரையா நம்புறது?" என்றார் டிரைவர்.

அத்தோடு வகுப்பு முடிந்தது என்றே நினைத்தேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றார் அக்கா. "தம்பி, நீங்க ஒரு பத்து கோடு போடுங்க. பேசாம போடுங்க."

நான் போட ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும், மூடிய கண்ணோடு டிரைவரைப் போடச் சொன்னார்.

"கண்ணை மூடிட்டுப் பாத்தா என் கோடும் அழகாத்தான் இருக்கும்க்கா" என்று சொல்லிக்கொண்டே அவரும் பத்துக் கோடு போட்டார்.

அக்கா கண்ணைத் திறந்தார். "தம்பி, உங்க காத்துச் சத்தம் பத்து கோட்டுக்கும் சேத்து ஒண்ணுதான். நடுவுல நிக்கவே இல்ல. இவருக்கு நின்னு நின்னு வருது."

"நானும் விடுறேனேக்கா."

"விடல. விரலைப் பாத்துக்கிட்டே போடுங்க."

இந்தத் தொழிலுக்கு வந்த பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் என் விரலைப் பார்த்தேன். கோடு முடியும்போது அது லீவரை முன்னால் தள்ளியது, அவ்வளவுதான். வண்ணம் நின்றது, காற்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிக் கோட்டுக்குப் பிறகே விரல் மேலே எழுந்தது. அவர்களோ நான் சொன்னபடி சட்டென்று விட்டார்கள். காற்றும் வண்ணமும் ஒன்றாக நின்றன. முனையில் தங்கிய சொட்டு அடுத்த கோட்டில் தெறித்தது. அவர்கள் தப்பே செய்யவில்லை. நான் சொன்னதைச் செய்தார்கள். நான்தான் செய்வதைச் சொல்லவில்லை.

"எப்படிக்கா பிடிச்சீங்க?"

"நாப்பது மிஷின் ஓடுற இடத்துல எதுல நூல் அறுந்திருக்குன்னு கண்ணால தேடினா பொழுது போயிடும். காதுதான் சோறு போட்டுச்சு."

நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அழுத்துங்க, இழுங்க, முன்னால தள்ளுங்க. காத்தை மட்டும் விட்டுடாதீங்க." கேக் செய்கிறவர்தான் முதலில் போட்டார். பத்துக் கோட்டிலும் துளி இல்லை. தாளை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் தாள் நான் வாங்கிட்டு வரேன்" என்றார். வாத்தியார் கேட்காமலே இன்னும் இருபது கோடு போட்டார்.

அந்த வாரம் மூன்று நாள் நான் டேங்கில் வரையும்போது பக்கத்தில் வந்து உட்காரும்படி அக்காவைக் கேட்டுக்கொண்டேன். மடியில் ஒரு ஜாக்கெட்டைப் போட்டுத் தையல் பிரித்தபடியே கவனித்தார். மணிக்கட்டு அசையவில்லை, தோள்தான் போகிறது என்றார். வண்ணம் வருவதற்கு முன்பே கை நகரத் தொடங்கிவிடுகிறது என்றார். நீண்ட வளைவில் மூச்சை மெதுவாக வெளியே விடுகிறேனாம். ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். இன்று நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் முழுக்க அந்த மூன்று நாள் குறிப்புதான். கற்றுக்கொண்டு போகிறவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள். அக்காவைப் பற்றி நான் சொல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

மூன்றாம் நாள் கிளம்பும்போது, "வேற ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. கூன் போட்டு உக்காருறீங்க. அதை மட்டும் யாருக்கும் சொல்லிக் குடுத்துடாதீங்க."