இருபத்திரண்டு கார்டுகளும் ஒரு சாவியும்

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் சோதனை அக்கா. யார் வைத்த பெயரோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். புது ஸ்டேப்ளர் வந்தால் நூறு தடவை அடித்துப் பார்ப்பாள். நாற்காலி வந்தால் அலுவலகத்திலேயே கனமான ஆளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்வாள், பிறகு அதில் நன்றாகச் சாய்ந்து கொட்டாவி விடச் சொல்வாள். வீட்டிலும் இதே கூத்துதான். குடை வாங்கினால் அடுத்த மழைவரை காத்திருக்கப் பொறுமை கிடையாது; குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அடியில் நிற்பாள். கல்யாணத்துக்கு முன்னால் தன்னையே இரண்டு தடவை மாடிப்படி ஏறி இறங்க வைத்தவள் என்று பேருந்து ஓட்டும் அவள் கணவன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தாளாம். வாங்கத்தான் செய்தது, போனால் போகிறதென்று தேர்ச்சி கொடுத்தேன் என்பாள் அவள்.

பதினோரு வருடம் தட்டச்சுப் பிரிவில் எட்டுப் பேரில் ஒருத்தியாக இருந்தவள். ஒருநாள் அவளுடைய கணினி மூச்சைவிட்டபோது, மூக்குக்கண்ணாடி திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் அதைத் திறந்து, கழன்று கிடந்த ஒரு கம்பியை அழுத்திவிட்டாள். கணினி பிழைத்தது. அன்றிலிருந்து கட்டடத்தில் எந்தப் பெட்டி படுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் மேலாளர் மாடிப்படிக்குக் கீழே இருந்த அரை அறையை அவளுக்கு ஒதுக்கினார். ஜன்னல் கிடையாது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஆனால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள். வாழ்க்கையில் அவளுக்கென்று, அவளுக்கு மட்டுமென்று கிடைத்த முதல் அறை அது.

அச்சகம் பள்ளிப் பாடநூல்கள் அடித்தது. இருபத்திரண்டு கணினிகள். கீழே எழுத்துக்கோர்ப்பில் புதியவை, மெய்ப்புப் பார்க்கும் அறையில் கிழடு தட்டியவை, மாடியில் படம் வரைபவர்களிடம் வேறு கம்பெனியின் வெள்ளைப் பெட்டிகள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தன. புத்தகத்தின் ஒரு பக்கம் கீழிருந்து மேலே போக வேண்டுமென்றால் அதை பிளாப்பி வட்டில் ஏற்றி, மாடிப்படி மாமா என்று எல்லோரும் கூப்பிடும் உதவியாளரின் கையில் கொடுக்க வேண்டும். மனிதர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறுவார். அவர் முழங்கால் போடும் சத்தத்தைக் கேட்டே பக்கம் வருவது தெரியும்.

இந்தப் பெட்டிகளையெல்லாம் கம்பியால் இணைத்துப் பேச வைப்பதென்று மேலாளர் முடிவு செய்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு நெட்வொர்க் கார்டு செருக வேண்டும். மூன்று கடைகள் ஆளுக்கொரு மாதிரிக் கார்டு கொடுத்திருந்தன. எதை நம்பலாம் என்று சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. இணைப்பு உருப்படியாக வந்தால் அறை அவளுடையது. சொதப்பினால் வேலையெல்லாம் வெளி நிறுவனத்துக்குப் போகும், அவள் பழையபடி தட்டச்சுக்குப் போகலாம். மேலாளர் இதைக் கோபமில்லாமல், மின்விசிறியை நிறுத்தச் சொல்வது போலச் சொன்னார்.

ஆனாலும் அந்த இரண்டு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை. ஒரு நோட்டில் மூன்று கார்டுக்கும் மூன்று பத்தி கட்டினாள். முதல் கார்டு வேகத்தில் சூரன், ஆனால் கிழட்டுப் பெட்டியில் செருகினால் அச்சுப்பொறியோடு சண்டைக்குப் போனது. இரண்டாவது பளபளப்பான அட்டைப்பெட்டியில் வந்த கார்டு; நாலு மணி நேரம் ஓடிச் சூடேறியதும் பேச்சு மூச்சு இல்லை. மூன்றாவதுக்குப் பெட்டியே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் உறை. அதை ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் மாற்றி மாற்றிச் செருகி, ஒரு புத்தகத்தின் பக்கங்கள் முழுவதையும் நூறு தடவை அனுப்பி, போனதையும் வந்ததையும் ஒப்பிட்டாள். ஒரு புள்ளி குறையவில்லை. பக்கத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை ஓட விட்டாள், கம்பியைப் பாதியில் பிடுங்கித் திரும்பச் செருகினாள். அசரவில்லை. நோட்டில் ‘நம்பலாம்’ என்று எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டாள்.

அதே கார்டில் இருபத்திரண்டு வந்து இறங்கின. எல்லாவற்றையும் அவளே செருகினாள். மாலை நாலு மணிக்கு மேலாளர் முன்னால் வெள்ளோட்டம் என்று ஏற்பாடு. காலை பத்து மணிக்கு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து கணினியைப் போட, பக்கங்கள் கம்பி வழியே மாடிக்குப் பறந்தன. படப் பிரிவுத் தலைவி படிக்கட்டின் உச்சியில் நின்று, வந்துவிட்டது என்று கை தட்டினாள். சோதனை அக்காவுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

பதினோரு மணிக்குப் போயிற்று. தலைவியின் கணினிக்கு மட்டும் இணைப்பு விட்டு விட்டு வந்தது. அவள் மேலிருந்து, போச்சு என்பாள். கொஞ்ச நேரத்தில், வந்தாச்சு என்பாள். கம்பியை மாற்றினாள் சோதனை அக்கா. கார்டைக் கழற்றி அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள், தங்கமாக வேலை செய்தது. திரும்ப மேலே செருகினால் பழைய கதை. மதியம் சாப்பாட்டை வாயில் வைக்கத் தோன்றவில்லை. இரண்டு மணிக்கு வெளி நிறுவனத்துக்காரர் வந்து வரவேற்பு அறையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளோட்டம் பார்க்க மேலாளர் அழைத்திருந்தாராம்.

அவளிடம் மிச்சமிருந்தது பழக்கம் ஒன்றுதான். எது நடந்தாலும் நேரம் போட்டு நோட்டில் எழுதிவிடுவாள். இணைப்பு போன நேரங்களையும் வந்த நேரங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு மெய்ப்பு அறை வாசலில் நின்றாள். உள்ளே காற்புள்ளி என்று பட்டப்பெயர் பெற்ற மெய்ப்புப் பார்ப்பவர், தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு எழுந்தார். கணினியை அணைத்தார். கழிப்பறைப் பக்கம் நடந்தார். மேலிருந்து வந்தாச்சு என்ற குரல் கேட்டது. அவர் திரும்பி வந்து கணினியைப் போட்டார். மேலிருந்து போச்சு என்ற குரல் கேட்டது.

அந்த இரண்டு நேரத்தையும் நோட்டில் எழுதிவிட்டு அவள் உள்ளே போனாள்.

"அண்ணே, எழுந்து போறப்பல்லாம் கம்ப்யூட்டரை அணைச்சிட்டா போறீங்க?"

"பின்ன? ஆளில்லாத ரூம்ல லைட்டு எரிய விடுவோமாம்மா?"

அவருக்கும் இணைப்பு போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. பதினோரு மணிக்கு வந்து கணினியைப் போட்டவர், காகிதத்திலேயே திருத்துகிறவர்; அவருக்கு அது தெரியவில்லை. ஒவ்வொரு கார்டுக்கும் பிறக்கும்போதே ஓர் எண் உண்டு, அந்த எண்ணை வைத்துத்தான் எது யாருக்கென்று கம்பியில் தெரியும். ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு இருக்கக் கூடாது. இருக்காது என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். அவருடைய கார்டின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு மாடிக்கு ஓடினாள், வழியில் மாடிப்படி மாமாவை இடித்துக்கொண்டு. தலைவியின் கார்டில் அதே எண். ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் அதே எண். தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் கடிதம் எங்கே போகும்? இருபத்திரண்டையும் பார்த்தாள். மூன்று ஜோடிகள் இப்படி இருந்தன. மற்ற இரண்டு ஜோடியிலும் ஒரு பெட்டியை அன்று இன்னும் யாரும் போடவில்லை, அதனால்தான் வெளியே தெரியவில்லை.

மணி மூன்று. ஜோடிக்கு ஒன்றாக மூன்று கார்டு மாற்ற வேண்டும், அவள் இழுப்பறையில் இருந்தது மூன்றே மூன்று மாதிரிகள். அவற்றிலும் இரண்டு அவளே தள்ளிவிட்டவை. ஒரு நிமிடம் மேசையில் கையூன்றி நின்றாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. கிழட்டுப் பெட்டிகளோடு சண்டை போடும் சூரனை எழுத்துக்கோர்ப்பின் புதுப் பெட்டியில் செருகினாள். நம்பிய மூன்றாவது மாதிரியை, எண் வேறுதானா என்று பார்த்துவிட்டு, மாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியில் வைத்தாள். நாலு மணி நேரத்தில் சூடேறி மயங்கும் கார்டு? அது காற்புள்ளிக்கு. அந்த மனிதர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

நாலு மணிக்கு எல்லோரையும் இருக்கையில் உட்கார வைத்து, சொல்லும்வரை யாரும் எழக் கூடாது, எதையும் அணைக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். காற்புள்ளி பரிதாபமாகத் தலையாட்டினார். இருபத்திரண்டு பெட்டிகளும் ஒரே சமயத்தில் பக்கங்களை அனுப்பின, ஒரே சமயத்தில் வாங்கின. கால் மணி நேரம். போச்சு என்ற குரல் கேட்கவேயில்லை. மாடிப்படி மாமா தன் வாழ்நாளில் முதல் தடவையாக வேலை நேரத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

காலையில் என்ன கோளாறு என்று மேலாளர் கேட்டார். மூடி மறைக்க அவளுக்கு ஆசைதான். கழுத்துச் சாவி கல்லாய்க் கனத்தது. ஆனால் நோட்டில் எல்லாம் எழுதியாகிவிட்டதே.

"கார்டு மேல பாதித் தப்பு சார், என் மேல பாதி. ஒவ்வொண்ணா சோதிச்சேன். எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாக்காமலே நம்பலாம்னு எழுதிட்டேன்."

மேலாளர் வெளி நிறுவனத்துக்காரரைத் திரும்பிப் பார்த்து, அவராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டார். அந்த ஆள் நேர்மையானவர். இருபத்திரண்டையும் பிடுங்கிவிட்டு வேறு போட்டிருப்பேன், காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்றார்.

மேலாளர் அவள் கழுத்துப் பக்கம் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். கயிற்றோடு கழற்றிக் கொடுத்தாள். அதை அவர் மாடிப்படி மாமாவிடம் தந்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு வாங்கிட்டு வாங்க. இந்தம்மா தொலைச்சிட்டா அந்த ரூமை எப்படித் திறக்கறது?"

மாமா போய்வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அவள் அழுது, முகம் கழுவி, மறுபடி கொஞ்சம் அழுதுவிட்டாள். இரண்டு சாவியும் கைக்கு வந்ததும் படிக்கட்டின் கீழே போய்க் கதவைப் பழையதால் பூட்டிப் புதியதால் திறந்தாள், புதியதால் பூட்டிப் பழையதால் திறந்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பல்லோடு பல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். காற்புள்ளி அந்த வழியாக வேகமாகப் போனவர் நின்று, எத்தனை தடவைம்மா என்று கேட்டார். நூறு என்றாள்.