கோடு வரைக்கும் தண்ணீர்

அந்த நீலப் பாட்டிலில் கறுப்பு மார்க்கரால் கோடு போட்டவள் நான்தான். கதிர்வீச்சு அறைக்குள் போகுமுன் அண்ணி அந்தக் கோடு வரை தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கிக்கொள்ளுமாம், இல்லாவிட்டால் கதிர் அதையும் சுட்டுவிடுமாம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அண்ணி கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பெண்களுக்கென்று கழிப்பறை கிடையாது. காலையில் காப்பி குடித்தால், சாயங்காலம் டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்துதான் தண்ணீர். எங்கே போனாலும் அதே பழக்கம். "ஒட்டக உடம்புடி எனக்கு" என்று பெருமை வேறு.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மெஷின் நின்று நின்று ஓடியது. அண்ணி குடித்துவிட்டு முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தார். இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறை உட்கார்ந்தார். என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். "இதோ ஆச்சு அண்ணி, இதோ ஆச்சு" என்றேன். பெஞ்சிலிருந்து தரைக்கு ஈரம் இறங்கியது. எதிரே இருந்தவர்கள் மொபைலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

மறுநாளிலிருந்து பாட்டிலோடு கழிப்பறைக்குப் போய், காலிப் பாட்டிலோடு வந்தார். நானும் நம்பினேன். அங்கே தினமும் படம் எடுப்பதில்லை. மூன்றாம் நாள் எடுத்த படத்தில் சிறுநீர்ப்பை சுருங்கிக் கிடந்தது. மெஷின் இயக்கும் பெண் வெளியே வந்து, "மாஷிமா, ஜொல் கேயேச்சேன் தோ?" என்று வங்காளத்தில் கேட்டாள். பெரியம்மா, தண்ணீர் குடித்தீர்கள்தானே என்கிறாள்! தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் நடைபாதையிலேயே கத்தினேன்.

"உங்களுக்கு உயிர் வேணுமா வேண்டாமா? ரெண்டு நாள் தண்ணியே குடிக்காம மெஷின்ல போய்ப் படுத்திருக்கீங்க! எங்க கொட்டினீங்க?"

"வாஷ்பேசின்ல." அண்ணி தலையைக் குனியவில்லை. "நீ பக்கத்துல உக்காந்திருந்தே. நனைஞ்சது நான்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடமே போய்க் கெஞ்சினேன். அதன்பிறகு, எந்நேரத்தில் குடிக்க வேண்டுமென்று அவளே வந்து கைகாட்டுவாள், அப்போதுதான் மூடியைத் திறப்போம். பையில் மாற்றுப் புடவை வைத்திருந்தேன். எனக்கும் ஒரு பாட்டில் வாங்கி, கூடவே குடித்து அடக்கினேன். முதல் நாளே நான் தோற்று ஓடினேன். "அவ்வளவுதானாடி நீ!" என்று அண்ணி சிரித்தார்.

ஆனால் அந்த இரண்டு நாள் என்னை விடவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் அண்ணி வயிற்றில் கை வைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

சிகிச்சை முடிந்து ஒரு வருஷமாகிறது. இன்று ஸ்கேன் முடிவு சொல்லப்போகிறார்கள். அண்ணியால் இப்போது அரைமணிக்கு மேல் அடக்க முடிவதில்லை. ஆனாலும் அதே நீலப் பாட்டிலிலிருந்து டாக்சியில் தாராளமாகக் குடித்துக்கொண்டே வந்தார். பாதிவழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ஒரு மிட்டாய்க் கடையில் பாத்ரூம் எங்கே என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார். இருபது வருஷம் யாரிடமும் கேட்காத கேள்வி.

அவர் திரும்பி வந்தபோது நான் மங்கிப்போன மார்க்கர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி பாக்கறே? குடிச்சேன்டி, கொட்டலை."

ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு சிக்னல் இருந்தது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இம்முறை நகம் பதித்தவள் நான்.