புளியமூட்டில் நின்ற வண்டி

ஹாரன் இல்லாமல் வண்டி வந்தது.

நெல்லிவிளை சபை வாசலில் காலை வண்டிக்காக நிற்கிற எங்களுக்கு அதைவிடப் பெரிய சத்தம் வேறு கிடையாது. நாகர்கோவிலிலிருந்து மணவாளக்குறிச்சிக்குப் போகும் அந்த ஒற்றை பஸ், வளைவுக்கு அப்பால் வரும்போதே ரப்பர் பந்தை அமுக்கி ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். சத்தமில்லாமல் வந்தால் வழியிலுள்ள ஏதோ ஒரு வீட்டுக்குச் சாவுச் செய்தி வருகிறது என்று பொருள். கார்த்திகை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கையில் குடையோடு, இன்று யார் வீட்டுக்கோ, கர்த்தாவே என்று நினைத்தபடி நின்றேன்.

படியில் கண்டக்டர் தாணு அண்ணனைக் காணவில்லை. டிரைவர் செல்லையா தானே இறங்கி வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், நம்ம தாணு அண்ணன் போயிட்டாரு. விடியக்காலம் நெஞ்சு நோவுதுண்ணு சொன்னாராம். அம்புட்டுதான். வழியில உள்ளவங்களுக்கு எல்லாம் சொல்லணும்ணு அவருக்க வீட்டு மைனி சொல்லிவிட்டாவ. உச்சைக்கு, பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறாங்க."

நான் அழவில்லை. பள்ளிக்கூடத்து வாத்திச்சி நடுரோட்டில் அழக்கூடாது என்று ஒரு வீம்பு எனக்கு உண்டு. வண்டியில் ஏறி என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். முன்வாசல் பக்கத்து ஒற்றை இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அது தாணு அண்ணன் உட்காருகிற இடமா என்றால், அதுவும் இல்லை. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. ஆனாலும் எல்லோரும் அதை விட்டுவிட்டு நின்றுகொண்டு வந்தார்கள்.

அந்த வண்டியில் ஏறி இறங்கிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும், பட்டணத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் சிலரும் இதைப் படிப்பீர்கள். நாடு சுதந்திரம் அடைந்த வருடத்தில் நான் கல்லுவிளை மிஷன் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றிலிருந்து, திருவிதாங்கூர் போய் திரு-கொச்சி வந்து, அதுவும் போய் இப்போது நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது வரைக்கும், என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். இணைப்பு நாளன்று வண்டியின் நெற்றியில் மாவிலை கட்டி, ஏறியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் கொடுத்தார். பழம் நன்றாகவே கனியவில்லை என்று நான் குறை சொன்னேன். "ராஜ்யமும் இப்பம்தானே டீச்சர் பழுக்கத் தொடங்கியிருக்கு" என்றார். அதுதான் அவரோடு நான் கடைசியாகச் சிரித்தது.

சாவுச் செய்தி சொல்லும் வழக்கம் அவருக்கு யாரும் விதித்ததல்ல. தந்தி நாகர்கோவிலோடு நின்றுவிடும். ஆளை நடந்துபோகச் சொல்லி அனுப்பினால் அவன் வந்து சேருவதற்குள் அங்கே சிதைத் தீ ஆறிவிடும். அதனால் டவுனில் யார் இறந்தாலும், எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதை காலை வண்டியில் அவரிடம் சொல்லிவிடுவார்கள். வேறு கண்டக்டராக இருந்தால் படியில் தொங்கிக்கொண்டே கத்திவிட்டுப் போயிருப்பான். இவர் டிரைவரிடம் ஹாரனைத் தொடாதே என்று சொல்லுவார். வண்டியை நிறுத்தி, இறங்கி, காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டு நடை வரைக்கும் நடந்து போய், நின்று சொல்லுவார். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் திரும்புவார். வண்டி நிறைய ஆட்கள் காத்துக் கிடப்போம். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், பள்ளியில் ஜெபமணி அடித்துவிடும் என்று முணுமுணுத்தேன். அவர் சொன்னது: "சாவு எங்கயும் ஓடிப்போகாது டீச்சர். சொல்லுகவன்தான் ஓடிப்போயிரப்படாது."

இதில் ஒரு கூத்தும் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் ஹாரனின் ரப்பர் பந்து வெடித்துப்போய்விட்டது. அவருக்கும் செல்லையாவுக்கும் அது நினைவில்லை. வண்டி சத்தமில்லாமல் அம்மன்குளத்துக்குள் நுழைந்ததும், நோயாளி இருந்த வீடுகளிலெல்லாம் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் ஒப்பாரியே தொடங்கியாகிவிட்டது. தாணு அண்ணன் குதித்து இறங்கி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வயல் வரப்பில் ஓடினார். ஆரும் சாகவில்லை, ஹாரன்தான் செத்தது என்று கத்தினார். அந்த ஒப்பாரிக்காரி அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு மாற்றுப் பந்து ஒன்று எப்போதும் அவர் பையில் இருந்தது.

இனி சொல்லப்போவது புளியமூட்டுக் கதை. பாதி தெரிந்தவர்கள் பாதி கட்டிச் சொல்லியிருக்கிறார்கள். நான் வண்டியில் இருந்தவள்.

புளியமூடு நிறுத்தத்தை ஒட்டி பகவதியம்மையின் வீடு. நல்ல வயல்காரக் குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பந்தல்கால் நாட்டிய மறுநாள், மாப்பிள்ளையின் தாத்தா நாகர்கோவிலில் இறந்துபோனார். வண்டி ஹாரன் இல்லாமல் போய் நின்றது. தாணு அண்ணன்தான் இறங்கிப் போய்ச் சொன்னார். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், குழவியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனதை நாங்கள் வண்டியிலிருந்தே பார்த்தோம். கல்யாணம் நின்றது. அதோடு, பெண்ணுக்கு ராசி போதாது என்ற பேச்சும் எழும்பியது. நம் ஊர் வாய்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? தாத்தாவுக்கு வயது எண்பதுக்கு மேல் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அதே மாப்பிள்ளைக்கே மறுபடி நாள் குறித்தார்கள். முகூர்த்தம் காலையில். அன்றைக்கு நான் வண்டியில் ஏறியபோது தாணு அண்ணன் என்னிடம் வாயே திறக்கவில்லை. வழக்கமாக என் குடையைப் பற்றியாவது ஏதாவது சொல்லுவார். அம்மன்குளம் தாண்டியதும் என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். பகவதியம்மையின் கூடப்பிறந்த அண்ணன், பெண்ணின் தாய்மாமன், நாகர்கோவிலில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர், அன்று விடியற்காலம் இறந்துவிட்டார். அவருடைய மகன் பஸ் நிலையத்துக்கு வந்து, அத்தை வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்போம், உடனே சொல்லிவிடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். கூடப்பிறந்தவன் முகம் பார்ப்பதை யாரும் தடுக்கக்கூடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்லுவேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பிள்ளைக்க மொகத்த ஒருக்கா பாத்தாச்சு டீச்சர். இன்னொருக்கா எறங்கிப் போக எனக்கக் கால் கேக்காது. காதுல விழாத்த சாவுக்குத் தீட்டு இல்ல."

புளியமூடு நெருங்கியது. வாழைமரம், தோரணம், நாகசுரம். செல்லையா வழக்கப்படி ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவருக்கும் செய்தி தெரியும். தாணு அண்ணன் முன்னால் போய் அவர் தோளில் கை வைத்தார்.

"ஹாரன் அடி, செல்லையா. நல்லா அடி."

செல்லையா அடித்தார். பந்தலில் நின்ற பிள்ளைகள் வண்டியைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். பந்தல் ஓரத்தில் நின்ற பகவதியம்மையும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பும் வண்டி உச்சை கழிந்துதான். அப்போது ஹாரன் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போயாகிவிட்டது. அவர் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கிறார். காலையிலேயே தெரியும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அதை மறைத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. பகவதியம்மை கல்யாணத்துக்கு உடுத்திய சேலையோடு அதே வண்டியில் ஏறி நாகர்கோவிலுக்குப் போனார்கள். அங்கே காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் போல என்று எடுத்துவிட்டார்கள். வாசலில் சாணம் தெளித்துக் கழுவிய ஈரம்தான் மிச்சம் இருந்ததாம்.

பிறகு நடந்த சண்டையை ஊரே கேட்டது. பகவதியம்மையின் ஆட்கள் பஸ் முதலாளியிடம் போய், இவனை வண்டியிலிருந்து இறக்க வேண்டும் என்றார்கள். பெண்ணைக் கட்டிய வீட்டார் எதிர்த்துப் பேசினார்கள். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது தாணு அண்ணன் சொன்ன பதிலை செல்லையா எனக்குச் சொன்னார்: "செய்தது தப்புதான் முதலாளி. ஆனா, இன்னொருக்கா இப்பிடி வந்தாலும் ஹாரன் அடிக்கத்தான் சொல்லுவேன்." முதலாளி அவரை வண்டியிலேயே விட்டுவைத்தார்.

பகவதியம்மை விடவில்லை. அந்த வண்டியில் இனிக் கால் வைப்பதில்லை என்று சொன்னார்கள்; வைக்கவும் இல்லை. டவுனுக்குப் போக வேண்டுமானால், வீட்டு வாசலில் வண்டி நிற்க, வயல் வரப்பு வழியாகப் பெரிய ரோட்டுக்கு நடந்துபோய் வேறு பஸ் பிடிப்பார்கள். வெயிலும் மழையும் அவர்களுக்கு ஒன்றுதான். எதிரே தாணு அண்ணனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுவார்கள்.

அவரும் விடவில்லை. ஏறுவதற்கு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், போகும்போதும் வரும்போதும் புளியமூட்டில் வண்டி நிற்கும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு மணியின் கயிற்றை இழுப்பார். வண்டியில் ஆட்கள் சலித்துக்கொள்ளுவார்கள். ஆளில்லாத இடத்தில் யாருக்கு ஐயா நிற்கிறது என்று நானும் கேட்டிருக்கிறேன். "அம்மைக்கு என்னைக்காவது கால் நோவும் டீச்சர். அன்னைக்குப் பாத்து வண்டி நிக்காம போயிரப்படாது" என்றார். வருடக்கணக்கில் இது நடந்தது. அவர்களுக்குக் கால் நோகவே இல்லை.

அந்தக் கார்த்திகைக் காலையில், வண்டி சத்தமில்லாமல் புளியமூட்டை நெருங்கியபோது, எனக்கு இதெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது. செல்லையா வண்டியை நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். தன்னால் முடியவில்லை என்று சைகை காட்டினார். நான் எழுந்தேன்.

முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பகவதியம்மை, ஹாரன் இல்லாமல் வண்டி நின்றதைப் பார்த்துத் துழாவியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். நான் குடையை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். நடை வரைக்கும் போய் நின்றேன்.

"ஆரு மக்கா?" என்று கேட்டார்கள்.

சொன்னேன். எப்போது என்று கேட்டார்கள். விடியற்காலம் என்றேன். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டார்கள். உச்சைக்கு என்றேன். இந்த வண்டி மணவாளக்குறிச்சி போய்த் திரும்பி நாகர்கோவில் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பகவதியம்மை உள்ளே போய், வேறு சேலை உடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். நெல் முற்றத்திலேயே கிடந்தது. நேரே வந்து வண்டிப் படியில் கால் வைத்து ஏறினார்கள்.

"வண்டியத் திருப்பு, செல்லையா. இவன் மொகத்தையாவது நான் பாக்கணும்."

அந்த வண்டி நடுவழியில் திரும்பியதே கிடையாது. செல்லையா உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். மணல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் முதலில் இறங்கினார். "நீங்க போங்க. இனியுள்ள ஊருக்கெல்லாம் நாங்க நடந்துபோய்ச் சொல்லிக்கிடுதோம்" என்றார். என்னைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு நான் போகவில்லை. ஜெபமணி என்னை விட்டுவிட்டு அடித்தது.

வழி நெடுக பகவதியம்மை உட்காரவில்லை. முன்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் நிற்கிற இடத்தில் நின்றே வந்தார்கள்.

தாணு அண்ணனை வெளியே கிடத்தியிருந்தார்கள். காக்கிச் சட்டை போட்டு, மேல் பொத்தானும் போட்டிருந்தது. அவர் மனைவி அதை மறக்கவில்லை. பகவதியம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமாட்டில் போய் நின்று, வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தார்கள். நான் பின்னால் நின்றேன். நடுரோட்டில் அழாத வாத்திச்சி அங்கே அழுதாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இரண்டு. துக்கமோ நல்லதோ, சொல்ல வேண்டியதை இறங்கி நின்று சொல்லுவது ஒன்று. மற்றது புளியமூட்டில் யாரும் ஏறாமல் வண்டி நின்ற அந்தக் கொஞ்ச நேரம். பாழாய்ப்போகிற நேரம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று, பகவதியம்மை குனிந்து அவர் காதருகே சொன்னதைக் கேட்டபோது தெரிந்தது.

"வந்துட்டேன் தாணு. ஒனக்க வண்டியிலதான் வந்தேன்."