எதற்குப் பயம் என்று கேட்ட பல் டாக்டர்

போன வருடம் ஆடி மாதம், கும்மிடிப்பூண்டியில் நடந்தது இது. அங்கே ஓர் இரும்பு உருக்காலையில் வேலை செய்கிறேன். கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்று பழகியவன். ஆனால் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலித்தபோது, மாத்திரையை விழுங்கியே நாளைக் கடத்தினேன். கடைசியில் கன்னம் வீங்கி, சோறு மெல்ல முடியாமல் ஜுரமும் வந்துவிட்டது.

"இன்னாய்யா, மூஞ்சி இப்படி வீங்கிக்கினு கீது. இன்னும் மாத்திரையே போட்டுக்கினு இருப்பியா?" என்று திட்டி, மனைவிதான் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

நாற்காலியைச் சாய்த்ததும் சட்டையெல்லாம் வியர்வை. எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பெண் டாக்டர் கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எதுக்குண்ணா பயம்? ஊசியா, மெஷின் சத்தமா, வலியா?"

யோசித்தேன். ஊசி எத்தனையோ போட்டிருக்கிறேன். ஆலையில் கேட்காத சத்தமா? வலியைத்தான் மாதக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்கிறேனே! அப்புறம் எதற்கு? எனக்கே புதிராக இருந்தது.

"சின்ன வயசுல பல்லு புடுங்கியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது. ஊத்துக்கோட்டையில் ஒரு டாக்டர். "சும்மா பாக்கத்தான் போறாங்க நைனா" என்று சொல்லித்தான் அப்பா கூட்டிப் போனார். வாயைத் திறந்ததும் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று கத்தினேன். வாய்க்குள் இடுக்கி இருந்ததால் வெறும் சத்தம்தான் வந்தது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு டாக்டர், "என்ன செய்யப் போறேன்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே செய்றேன். வேணாம்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு மெஷினை ஓட்டியதும், வலிக்காமலேயே கையைத் தூக்கிப் பார்த்தேன். சட்டென்று நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தூக்கினேன். அப்போதும் நின்றது. சோதிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிரித்தன. அதன் பிறகு சீழை வெளியேற்றி முடிக்கும்வரை கையைத் தூக்கத் தோன்றவே இல்லை.

இப்போது என் மகளை ஊசி போடக் கூட்டிப் போனால், வலிக்காது என்று சொல்வதில்லை. "கொஞ்சம் வலிக்கும்மா, நான் பக்கத்துலயே கீறேன்" என்கிறேன்; என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால் ஒரு குழந்தையால்கூட எவ்வளவு தாங்க முடிகிறது என்று ஒவ்வொரு முறையும் வியந்து நிற்கிறேன்.