ஆட்டிடம் சொன்ன சேதி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு நாய்க்குட்டி காலையிலிருந்து முனகுகிறது. கேட்கக் கேட்க அம்மா ஞாபகம்தான்.

ஆட்டையாம்பட்டியில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு ராமாயி அத்தைக்கும் சாக்கடைத் தகராறில் பேச்சு நின்றிருந்தது. ஏசுவதென்றாலும் ஆடு கோழியைப் பார்த்துச் சாடையாகத்தான் ஏசிக்கொள்வார்கள். அப்போது அத்தை வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி ஓயாமல் அழுதது. சந்தையில் விட்டுவிடுவேன் என்று மாமா கத்தினார்.

அம்மா வேலியோரம் நின்று எங்கள் ஆட்டிடம் சத்தமாகச் சொன்னார்: "தாயப் பிரிஞ்ச குட்டி கதகதப்புக்கு அழுவுது சாமி. கட்டுன சேலையில சுத்திப் படுக்க வெச்சா அடங்கிக்கும்."

அத்தை தன் கோழியிடம் மரியாதையாகக் கேட்டார்: "இருக்கறதே ரெண்டு சேலைதானுங்களே, எதைச் சுத்தறதுங்க?"

அம்மா தன் சேலை ஒன்றை வேலியில் போட்டார். குட்டி அடங்கியது, ஊரைவிட்டும் போகவில்லை. ஏசுகிற பேச்சையே உதவிக்குத் திருப்பிய அம்மாவை நினைத்தால் இன்றும் பெருமைதான்.

எனக்கோ யாரிடமும் பேசக் கூச்சம். சற்றுமுன் பழைய சேலையைப் பக்கத்து வீட்டுச் சுவரில் போட்டு, முருங்கை மரத்திடம் சத்தமாக விவரம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது முனகல் இல்லை.

அம்மா பேசியது ஆட்டிடமா எருமையிடமா என்று மட்டும் என் தங்கச்சி சரிபார்த்துச் சொல்லட்டும்.