எண்ணெய் போட்ட சக்கரம்

என் வீட்டுக்காரருக்கு வயலின் பட்டறையில் ‘காது’ என்றுதான் பெயர். செய்து முடித்த வயலினை வாசித்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வது அவர் வேலை. அந்தக் காதுதான் இரண்டு வருஷமாக மந்தம். நான் பேசினால் கேட்காத மாதிரி இருப்பது கல்யாணமான நாளிலிருந்தே உண்டு என்பதால், எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

மனுஷர் இடிந்துபோய் உட்காரவில்லை. என் தையல் மெஷினின் மிதியைக் கழற்றிக்கொண்டு போய் ஒரு கருவி செய்தார். என்னைக் கேட்டாரா என்றால், இல்லை. மிதித்தால் சக்கரம் சுற்றும். அதன் விளிம்பில் வில்லுக்குக் கட்டும் மயிர், மயிரில் பிசின் பொடி. அது தந்தியை ஒரே அழுத்தத்தில் உரசும். இவர் வயலினின் முதுகில் விரல் வைத்து அதிர்வைப் பார்ப்பார். கை நாளுக்கு நாள் மாறும், சக்கரம் மாறாது என்பது அவர் கட்சி.

முதலாளி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. என் முன்னால் சோதித்துக் காட்டு, சரிவராவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றுவிட்டார். சோதனை அன்று சாப்பாடு கொடுக்கும் சாக்கில் நானும் போய் நின்றேன்.

இவர் மிதித்தார். சக்கரம் சுற்றியது. விரல் வைத்தவர் முகம் வெளுத்துவிட்டது. இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. காதோடு விரலும் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார், பாவம். எதிரே முதலாளி கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாரே.

“அருமையா பேசுதுப்பா” என்றார் முதலாளி.

என் வாய் சும்மா இருக்குமா? “ஐயா, சத்தமே வரலையே” என்றேன்.

சக்கரத்தைத் தொட்டால் வழவழவென்று எண்ணெய். மெஷினாச்சே என்று காலையில் முதலாளியே போட்டு வைத்திருக்கிறார். வில்லில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் பட்டறையையே இரண்டாக்குகிற மனுஷர்! எண்ணெய் பட்ட மயிர் வழுக்கிக்கொண்டுதான் ஓடும், தந்தியைப் பிடிக்காது. என் விரலை இவர் கண்ணெதிரே நீட்டினேன். போன உயிர் திரும்பி வந்தது.

மயிரை மாற்றி, பிசின் தேய்த்து, மறுபடி மிதித்தார். இந்தத் தடவை பட்டறையே நிமிர்ந்து பார்த்தது. இவர் விரல் ஓரிடத்தில் நின்றது. உள்ளே பசை ஒட்டு விட்டிருக்கிறது என்றார். திறந்து பார்த்தார்கள், விட்டுத்தான் இருந்தது.

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கும் காது போயிடுச்சும்மா. தலையாட்டியே ஓட்டிட்டு இருந்தேன். எனக்கும் சொல்லித் தருவானான்னு கேளு.”

இவர் காதோரம் குனிந்து சொன்னேன். இவர் முதலாளியின் கையைப் பிடித்து வயலினின் முதுகில் வைத்துவிட்டு, மிதிக்க ஆரம்பித்தார்.