திரைக்குப் பின்னால் எண்ணிய நாடி

1. டிஸ்பென்சரி மூடுகிற செய்தி

மூதூரில் நான் வேலை பார்த்த டிஸ்பென்சரியை மாத முடிவோடு மூடப் போவதாக, அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா ஒரு திங்கட்கிழமை காலை சொன்னார். அவருக்குக் கண் மங்கிவிட்டது. மருந்துப் போத்தலை மூக்கோடு வைத்துத்தான் லேபிளை வாசிப்பார்.

"இனி நான் மருந்து கலந்தா சனம் செத்துப்போகும், பிள்ளை" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது விழுந்து, இடுப்பை அசைக்க ஏலாமல் கிளிவெட்டியில் படுத்திருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள். உழைக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நேர்ஸ் படிப்புப் படிக்கவில்லை. ஆனால் ஒன்பது வருஷம் ஐயாவிடம் நின்று ஊசி அவிக்க, புண் கழுவ, கட்டுப் போட, நாடி எண்ணப் பழகியிருந்தேன். எங்கள் பக்கத்தில் நேர்ஸை மிஸ்ஸி என்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம் பெண்கள். ஆண் ஒருவர் தொட்டுப் பார்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை. எங்கள் தமிழ்ப் பெண்களும் அப்படித்தான். ஆகவே ஒரு முறை வைத்திருந்தோம். பெண் வந்தால் நான் திரையை இழுத்து மூடுவேன். ஐயா வெளியே கதிரையில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே எல்லாம் பார்த்துவிட்டு வந்து அவர் காதுக்குள் சொல்வேன். ஒரு பெண்ணின் உடம்புக் கதை வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்கிற ஆட்களுக்குக் கேட்கக் கூடாது. அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் சத்தமாகச் சொன்னதில்லை.

"பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில பொம்பிளை அற்றென்டன் எடுக்கினமாம். ஐந்தாம் வகுப்புப் போதும். எழுதிப் போடும்" என்றார் ஐயா. "உம்மைவிட வேலை தெரிஞ்ச ஆள் அங்க ஆர் வரப்போகினம்?"

அதை நான் நம்பினேன்.

2. வாங்கில் ஏழு பேர்

அந்த ஆஸ்பத்திரியின் பேரை எழுத விருப்பமில்லை. நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. நீலம் போட்டுத் தோய்த்த வெள்ளைச் சீலை உடுத்துக்கொண்டு காலை லோஞ்சில் கடலைக் கடந்து போனேன்.

விறாந்தை வாங்கில் ஏழு பேர் இருந்தோம். எனக்குப் பக்கத்தில் உப்புவெளிப் பெட்டை ஒருத்தி. வாய் ஓயாதவள்.

"அக்கா, கை ஏன் இப்பிடி நடுங்குது? நோயாளின்ர நாடியை விட்டிட்டு உங்கட நாடியை எண்ணிப்போடுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையைச் சீலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டேன்.

"எத்தினை பேரை எடுப்பினம், தங்கச்சி?"

"மூண்டு பேராம். ஒண்டு எனக்கு. மிச்ச ரெண்டுக்கும் நீங்க ஆறு பேரும் பிடுங்குப்படுங்க."

என் முறை கடைசியில் வந்தது. பெரிய டொக்டர், நேர்ஸ்மாருக்குத் தலைவியான மேற்றன் அம்மா, கிளாக்கர் ஐயா மூன்று பேரும் என்னைப் பெண்கள் வாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கட்டில். வாயால் கேள்வி இல்லை, வேலை செய்து காட்ட வேண்டும்.

"நாடி, காய்ச்சல், காலில இருக்கிற கட்டு. மூண்டையும் பாரும்" என்றார் டொக்டர். "பத்து நிமிஷம்."

கட்டிலில் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண். இடது காலில் முழங்காலுக்குக் கீழே மட்டை வைத்துக் கட்டியிருந்தது. இரண்டு ஆண்கள் கட்டிலடியில் வந்து நிற்கவும் அவள் சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினாள்.

"மிஸ்ஸி, எனக்கு வெக்கமா இரிக்கி. இந்த ஆம்புளயள் போக மாட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

சுவரோரம், உருட்டிக்கொண்டு போகச் சில்லு வைத்த துணித் திரை ஒன்று நின்றது. யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் அதை இழுத்துக் கட்டிலை மறைத்தது. டொக்டரும் கிளாக்கரும் வெளியே, மேற்றனும் வெளியே.

3. விரல்கள்

நாடி தொண்ணூற்றாறு. காய்ச்சல் இல்லை. பிறகு காலைப் பார்த்தேன். கால்விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. தொட்டால் பச்சைத் தண்ணீர்க் குளிர். நகத்தை அழுத்திவிட்டேன். வெளுத்த நகம் வெளுத்தபடியே கிடந்தது.

"எப்ப இருந்து இப்பிடி?"

"ராவையில இருந்து விறைக்கிது மிஸ்ஸி. நான் ஆருட்டயும் செல்லல்ல. எலும்பு முறிஞ்சா இப்பிடித்தான் எண்டு நெனச்சன்."

கட்டு இறுகி, விரலுக்கு இரத்தம் ஓடாமல் இருந்தது. உடனே இளக்க வேண்டும். ஆனால் அது என்னுடைய வாட்டு இல்லை. கட்டைத் தொட நான் யார்? அது மேற்றன் அம்மாவின் வாட்டு. எனக்கு வேலை தருவதா இல்லையா என்று எழுதப் போகிறவர்களில் அவவும் ஒருவர். டொக்டருக்கு முன்னால் இதைச் சொன்னால் அவவின் முகம் என்ன ஆகும்?

வெளியே டொக்டரின் குரல் கேட்டது. "ஏன் மறைச்சவ? உள்ள என்ன நடக்குது?"

"வெக்கப்படுறா போல, சேர்" என்றார் கிளாக்கர்.

வெளியே வந்தேன். நேரே மேற்றனிடம் போய் அவவின் காதுக்குள் சொன்னேன்: "அம்மா, விரல் குளிர்ந்து போச்சு. கட்டு இறுக்கம்."

மேற்றன் என்னை ஒருதரம் பார்த்தா. மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனா. கத்தரிக்கோல் சத்தமும், அந்தப் பெண் "யா அல்லாஹ்" என்று மூச்சு விட்டதும் கேட்டது.

"என்ன அது?" டொக்டர் கேட்டார்.

"ஒண்டுமில்லை சேர். கட்டைக் கொஞ்சம் இளக்கிவிட்டனான்" என்றா மேற்றன் உள்ளே இருந்து.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன செய்தனீர்?"

"பாத்தனான், ஐயா."

"என்னத்தைப் பாத்தனீர்?"

நாடி எவ்வளவு என்று தெரியும். விரல், நகம், கட்டு எல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தன. மேற்றன் திரைக்குள் இருந்து வெளியே வந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சொல்லுமன். நாடியாவது எத்தினை?"

ஒரு நிமிஷம் நின்றிருப்பேன். ஒன்பது வருஷம் காதுக்குள் சொல்லிப் பழகிய வாய், எல்லாருக்கும் கேட்கச் சொல்லத் திறக்கவில்லை. டொக்டர் பேப்பரை மடித்தார். "சரி, போகலாம்."

4. மூன்று பெயர்

மதியத்துக்குப் பிறகு கிளாக்கர் விறாந்தைக்கு வந்து மூன்று பெயரை வாசித்தார். உப்புவெளிப் பெட்டையின் பெயர் இருந்தது. என்னுடையது இல்லை. அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, பகிடிக்குச் சொன்னனான்" என்றாள். அப்போதுதான் எனக்குக் கண்ணீர் வந்தது.

துணிந்து கிளாக்கரிடம் கேட்டேன், என்ன பிழை விட்டேன் என்று.

"திரைக்குப் பின்னால நடந்ததுக்கு ஆர் அக்கா புள்ளி போடுறது? எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை, நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். அவர் பேச்சில் கெட்ட குணம் இல்லை.

படி இறங்கும்போது மேற்றன் பின்னால் வந்தா.

"காலில சூடு வந்திட்டுது, பிள்ளை. விரல் அசைக்கிறா."

நான் தலையாட்டினேன்.

"நீர் டொக்டருக்கு முன்னால சொல்லியிருந்தா நான் இல்லையெண்டு சொல்லியிருக்க மாட்டன்."

அது உண்மையோ பொய்யோ இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லோஞ்சில் ஏறிக் கரை சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு போகம் வயலில் களை பிடுங்கினேன். அதன் பிறகுதான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைப்பேற்று விடுதியில் உதவியாளாக இடம் கிடைத்தது. அங்கே மருத்துவிச்சி ஒருத்தியும் நானும் மட்டும். முதல் நாள் ஒரு பெண் வலியோடு வந்தாள். வழக்கம்போல மறைப்பைக் கட்டினேன். அதை ஒரு நாளும் விடமாட்டேன், நோயாளிக்கு அது வேண்டும். மருத்துவிச்சி வெளியே தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டு நின்றா. நான் உள்ளே நின்று நாடியை எண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"நாடி எண்பத்தெட்டு! கை கால் சூடு! இரத்தப்போக்கு இல்லை!"

"ஏனப்பா கத்துறீர்? எனக்குக் காது கேக்கும்" என்றா மருத்துவிச்சி.

வலியில் கிடந்த பெண்கூடச் சிரித்துவிட்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனாலும் காய்ச்சலைப் பார்த்து, அந்த இலக்கத்தையும் அதே சத்தத்தில் சொன்னேன்.